பிரஷ்ஷில் மஞ்சள் பொடி

கன்னத்துக்கு ரோஸ் பூசுகிற பிரஷ்ஷில் மஞ்சள் பொடி ஒட்டியிருந்ததைச் சுகந்தி மூன்றாவது நாளாகப் பார்த்தாள். மஞ்சள் நிறத்தில் அவள் எதுவும் பூசுவதில்லை. வீட்டில் இருப்பதோ அவளும் புருஷன் நல்லசிவமும்தான். அவள் குளிக்கப் போனதும் மனுஷன் எங்கேயோ மாயமாகிவிடுகிறார். வேறு எவளுக்கோ அலங்காரம் நடக்கிறது என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

மறுநாள் குளியலறைக் கதவைச் சத்தமாகச் சாத்திவிட்டு, பூனைபோல் பின்பக்கமாக வந்து எட்டிப் பார்த்தாள்.

முன்தோட்டத்தில் தும்பையும் ஆவாரையும் கொள்ளையாகப் பூத்திருந்தன. நடுவில் குந்தியிருந்த நல்லசிவம் ஒவ்வொரு பூவையும் பிரஷ்ஷால் தொட்டு, மூக்கால் "ங்ங்ங்" என்று ரீங்காரம் போட்டார். தொடத் தொட, வீட்டு வாசலில் நகராட்சி மாட்டிய பலகையில் தேனீக் கணக்கு ஒவ்வொன்றாக ஏறியது.

"ஏனுங்க, என்ன கூத்துங்க இது?"

அவர் திடுக்கிட்டு எழுந்தார். "அம்பது தேனீ வரலீன்னா நாளைக்குத் தண்ணி உடமாட்டாங்கல்ல? சித்திரையிலிருந்து ஒண்ணுகூட வரல, சுகந்தி."

"பொய் சொல்லாதீங்க. எதிர்வீட்டு ரெஜினா டீச்சர் பலகையில தெனமும் எரநூறு காட்டுது. அங்க வர்ற தேனீ இங்க வராதாக்கும்?"

அப்போது எதிர்வீட்டு மதிலுக்கு அந்தப்பக்கம், செடிகளுக்குள்ளிருந்து கணீரென்று ஒரு ரீங்காரம் கேட்டது.

"கேட்டீங்களா? தேனீ!" சுகந்தியின் முகம் மலர்ந்தது.

நல்லசிவம் தலையைக் குனிந்துகொண்டார்.

"அது டீச்சர்," என்றார்.