எழுத்துப் பொருத்தம்

“பொண்ணு டீச்சர். விழுப்புரத்துல சொந்த வீடு,” என்றார் தரகர் வெங்கடாசலம்.

“பேரு?” என்றாள் ஜெயம்.

“அமலா.”

“வேணாங்க. ‘வி’யில ஆரம்பிக்கிற பேரா பாருங்க.”

மகன் அறிவுச்செல்வனுக்கு வந்த நல்ல இடங்களையெல்லாம் ஜெயம் இப்படியே தட்டிக்கழித்தாள். ஜோசியர் சொல்லியிருப்பார் என்று நினைத்த தரகர், அலைந்து திரிந்து திண்டிவனத்தில் ஒரு விசாலாட்சியைப் பிடித்தார்.

பெண் பார்க்கப் போனார்கள். விசாலாட்சி தட்டை நீட்டினாள். காபியை எடுத்த அறிவுச்செல்வனின் விரலில் ‘வி’ போட்ட மோதிரம் மின்னியது.

“பாக்கறதுக்கு முன்னயே எம் பேர்ல மோதிரமா?” என்றாள் அவள்.

அவன் நெளிந்தான். “போன வருஷம் நிச்சயத்துல போட்டதுங்க. அந்தப் பொண்ணு வித்யா, நிச்சயத்தை முறிச்சிக்கினு போயிடுச்சு. மோதிரம் மட்டும் கழல மாட்டேங்குது. அறுத்தா அபசகுனம்னு அம்மா விடலை.”

தரகர் தலையில் கைவைத்தார். விசாலாட்சி அசரவில்லை.

“சோப்பு போட்டுப் பாத்தீங்களா?”

“நல்லெண்ணெய்கூட ஊத்திப் பாத்தாச்சுங்க.”

“எனக்கும் வரலை,” என்று தட்டுக்கு அடியில் மறைத்திருந்த விரலை எடுத்துக் காட்டினாள். அதில் இறுகியிருந்த மோதிரத்தில் ‘அ’ இருந்தது.