கழிக்காத பத்து

உத்தரம் பத்து சென்டிமீட்டர் கூடுதல் நீளமாக இருந்தது.

“வீடு சுருங்கிடுச்சா சார், இல்ல உங்க பேனா நீண்டுடுச்சா?” என்றார் தச்சர். கையில் ரம்பம்.

நான் வரைபடத்தை விரித்தேன்.

நூற்றைம்பது வருட வீடு. அன்று கிடைத்த மரத்தின் நீளம்தான் அறையின் அகலம். அதனால் எல்லா அறைகளும் ஒடுக்கம். இந்தக் கிழக்கு அறையில் கூரையைத் தாங்கும் உத்தரம் ஒன்றைக் கரையான் தின்றுவிட்டது. புதியதை என் வரைபடத்தை நம்பித் தச்சர் அறுத்திருந்தார்.

மூன்று வருடத்துக்கு முன் இந்த வீட்டை அளந்தது நானும் அவளும். அப்போது அவள் உடன் வேலை பார்ப்பவள்; இன்னும் என் மனைவி ஆகவில்லை.

அளவு நாடாவின் முனை பிய்ந்திருந்தது. அவள் பத்தாம் கோட்டைச் சுவரில் வைத்துப் பிடிப்பாள். நான் மறுமுனையில் படித்து, பத்தைக் கழித்து எழுதுவேன்.

பதினான்கு அறைகள். பதின்மூன்றில் கழித்திருக்கிறேன். இதில் ஒரு எண்ணில்கூட இல்லை.

திரும்ப அளக்க, நாடாவைத் தச்சரிடம் நீட்டினேன்.

“பத்துல புடி” என்றேன், பழக்கத்தில்.

நாடா புதிது. அவர் என் அப்பா வயதுக்காரர்.

என் மனைவி இறந்து எட்டு மாதம் என்பது அவருக்குத் தெரியும். பத்திலேயே பிடித்தார்.

படித்தேன். கழித்தேன். எழுதினேன்.

ரம்பத்தை எடுத்து மரத்தின் மேல் வைத்தார். “அறுத்துடலாமா?”

“வேணாம்ணே. சுவர் ரெண்டடி கனம். உத்தரம் உக்கார்ற குழியை இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளித் தோண்டிக்கலாம். இருந்துட்டுப் போகட்டும்.”

“ஒரு ரூம் முழுக்கத் தப்பா எழுதியிருக்கீங்களே. அன்னிக்கு அப்படி எங்க சார் கவனம்?”

ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு உளியைத் தேடப் போனார். பூசிவிட்டால் அந்தப் பத்து சென்டிமீட்டர் யார் கண்ணுக்கும் படாது.

அன்று இந்த அறைக்குள் நுழைந்ததும், நாடாவைச் சுவரில் வைத்து அழுத்தியபடி, திரும்பிப் பார்க்காமலே அவள் சொன்னாள்.

“எங்க வீட்ல ஒத்துக்கிட்டாங்க. எவ்வளவு வருது, படி.”

படித்தேன். வந்ததை அப்படியே எழுதினேன்.