பயனாளிகள்

"இதுல குவாரிக் குடியிருப்பு ஆளு ஒருத்தர்கூட இல்லையே!"

வருகைப் பதிவேட்டைப் பட்டென்று மூடினார் அதிகாரி. குரலில் சூடு ஏறியிருந்தது.

மருந்துக்கடையின் மாடி. ஞாயிற்றுக்கிழமை காலை. அட்டைப்பெட்டிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு நாலு பெஞ்சு போட்டிருந்தார்கள். பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருமே முப்பது வயதைத் தாண்டியவர்கள்.

குவாரியில் வேலை செய்யும் சிறுபான்மை மொழிக்காரர்களுக்கு இருமொழி வகுப்பு என்று சொல்லி, நிதி வாங்கி ஆறு மாதம் ஆகிறது. 'அதில் படிப்பதெல்லாம் உள்ளூர் ஆட்கள்தான்' என்று போன வாரம் அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி வந்துவிட்டார்.

முதல் பெஞ்சிலிருந்து ஆரம்பித்தார்.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"பெரியாஸ்பத்திரில நர்ஸ், மேடம்."

"வீட்ல என்ன மொழி பேசுவீங்க?"

"நம்ம மொழிதான்."

"நீங்க?"

"பஸ் கண்டக்டருங்க. எனக்கும் நம்ம மொழிதாங்க."

அடுத்தவர் தபால் ஆபீஸ் கிளார்க். அதற்கடுத்தவர் பள்ளிக்கூட வாட்ச்மேன். கேட்கக் கேட்க அதிகாரியின் முகம் இறுகிக்கொண்டே போனது.

கதவோரம் கைகட்டி நின்ற மருந்துக்கடைக்காரரிடம் திரும்பினார்.

"விண்ணப்பத்துல கையெழுத்து உங்களோடது. இந்த ரூமும் உங்களோடது. அப்ப வாடகையும் உங்களுக்குத்தானா?"

"வாடகையெல்லாம் வாங்கறதில்ல மேடம்."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. சரி, டீச்சர் யாரு?"

கரும்பலகைப் பக்கத்தில் நின்றிருந்த பெண் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"நான்... டீச்சர். நீ உக்காரு."

"உக்காருங்க, உக்காருங்க" என்று கண்டக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

"உக்காருங்க" என்று திருத்திக்கொண்டாள் அவள்.

அதிகாரி உட்காரவில்லை.

"நம்ம மொழியே இவங்களுக்குச் சரியா வரல. இவங்க டீச்சரா? கணக்குக் காட்ட யாரையோ புடிச்சு நிறுத்தியிருக்கீங்க. யாருக்கு சார் காது குத்தறீங்க?"

"ஒரு அஞ்சு நிமிஷம் வகுப்பைப் பாத்துட்டு அப்புறம் திட்டுங்க மேடம்."

டீச்சர் சாக்பீஸால் தன் மொழியில் ஒரு வரி எழுதி, கையை வயிற்றில் வைத்துக் காட்டினாள். 'எங்கே வலிக்குது?' என்று அர்த்தமாம். பதினோரு பேரும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி ராகம் போட்டுச் சொன்னார்கள். கண்டக்டர் மட்டும் வேறு எதையோ சொன்னார்.

நர்ஸ் சிரித்துவிட்டாள். "அண்ணே, நீங்க 'எங்கே இறங்கணும்'னு கேக்கறீங்க!"

அதிகாரி சிரிக்கவில்லை.

"இருங்க இருங்க. அவங்க மொழியை நீங்க கத்துக்கறீங்களா? இது தலைகீழால்ல இருக்கு!"

"அவங்களுக்கும் வகுப்பு நடக்குது மேடம். தினம் சாயங்காலம், குடியிருப்புலயே. அதுக்குத் தனிப் பதிவேடு இருக்கு. இது நமக்கு."

"நமக்கு எதுக்கு? பொழைக்க வந்தவங்க அவங்க. அவங்கதான் கத்துக்கணும். இதுல வேற ஏதோ விஷயம் இருக்கு. உண்மையைச் சொல்லுங்க, இந்த வகுப்பால உங்களுக்கு என்ன லாபம்?"

மருந்துக்கடைக்காரர் கட்டியிருந்த கைகளைப் பிரித்தார்.

"போன மழைக்காலத்துல, குவாரிப் பக்கமிருந்து ஒரு அம்மா கடைக்கு வந்தாங்க. கைக்குழந்தைக்குக் காய்ச்சல். டாக்டர் சொட்டு மருந்து எழுதியிருந்தாரு. வேளைக்கு ஆறு சொட்டுன்னு சொன்னேன். அவங்களுக்குப் புரியல. சத்தமாச் சொன்னேன். காது கேக்காதவங்ககிட்ட சொல்ற மாதிரி கத்தினேன். கடையில கூட்டம் வேற. ஆறு விரலைக் காட்டினேன். தலையாட்டினாங்க. புரிஞ்சிடுச்சுன்னு நெனச்சு அடுத்த ஆளைக் கவனிக்கப் போயிட்டேன்."

அதே ஆறு விரலை இப்போதும் காட்டினார்.

"ஆறு ஸ்பூன் குடுத்துட்டாங்க மேடம்."

அதிகாரி அவர் பக்கம் ஒரு அடி நகர்ந்தார்.

"குழந்தை?"

"ஒன்பது நாள் ஆஸ்பத்திரில இருந்துச்சு. எப்படியோ பொழைச்சிக்கிச்சு. தினம் போய் அந்த வார்டு வாசல்ல உக்காந்திருப்பேன். என்னை மன்னிச்சிடும்மான்னு சொன்னேன். அதுவும் அவங்களுக்குப் புரியல. அவங்க மொழியில ஒரு தடவையாவது கேக்கணும் மேடம். அதுக்காகத்தான் இந்த வகுப்பையே கேட்டு வாங்கினேன்."

அதிகாரிக்கு மனசு கொஞ்சம் இளகத்தான் செய்தது. ஆனாலும் இருபது வருஷ ஆய்வுப் புத்தி விடவில்லை.

"வகுப்பு ஆரம்பிச்சு ஆறு மாசமாச்சே? இன்னுமா கேக்கல?"

"மன்னிப்புங்கற வார்த்தையைத்தான் நான் இன்னும் கத்துக்கலையே. வாராவாரம் கேக்கறேன். டீச்சர் சொல்லித் தர மாட்டேங்கறாங்க."

"பாத்தீங்களா!" சட்டென்று கரும்பலகைப் பக்கம் திரும்பினார் அதிகாரி. "ஒரு வார்த்தை சொல்லித் தர முடியல, இதுக்கு ஒரு சம்பளமா? ஏம்மா, அவர் இவ்வளவு தூரம் கேக்கறாரே, சொல்லித் தந்தா என்ன?"

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தாள். தனக்குப் பழகாத மொழியில், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடி எடுத்துச் சொன்னாள்.

"அந்தக் குழந்தை... என் பையன். ஒன்பது நாளும் இவர் வெளிய உக்காந்து அழுதாரு. இவருக்கு எதுக்கு மேடம் அந்த வார்த்தை?"