பொங்குமா, பொங்காதா

எதிர்வீட்டு வேதியியல் வாத்தியாரின் அடுக்களையில், பத்து பாட்டில் திராட்சை ஒயினுக்குள் வெயில் சிவப்பாக நிற்கிறது. எல்லாம் நுரை பொங்கவென்று ஒரே வாளியில் சர்க்கரை போட்டு அடைத்தவைதான். ஆனால் முதலில் திறந்தது பீறிட்டுக் கூரையிலிருந்து இன்னும் சொட்டுகிறது. அடுத்ததில் ஒரு குமிழிகூட இல்லை. மூன்றாவதை ஈரத் துண்டில் சுற்றிக் காதருகே வைத்துக் கேட்கிறார் வாத்தியார்.

"சர்க்கரையைக் கலக்கினீங்களா?" என்கிறாள் மனைவி.

"கொட்டினேனே..."

"கலக்கினீங்களான்னு கேட்டேன்."

அடியில் தங்கிய சர்க்கரை எந்தெந்த பாட்டிலுக்குள் போயிற்றென்று அவருக்கே தெரியவில்லை. மச்சானிடமோ இந்த ஒயினைப் பற்றி ஒரு மாதமாகப் பெருமை அளந்தாயிற்று. அழைப்பு மணி அடிக்கிறது. வாத்தியார் விழிக்கிறார். அவள் துண்டோடு பாட்டிலை வாங்கி, வெள்ளைச் சட்டையில் நுழையும் தன் அண்ணன் கையில் வைக்கிறாள்: "உங்க கையாலயே திறங்கண்ணா." வாத்தியார் ஓரடி பின்வாங்குகிறார்; என் ஜன்னலில் நானும்தான்.