அப்பாவின் கரும்புள்ளிகள்

"அந்த உறை கிடைக்காது தம்பி," என்று சொல்லி, உலர்தாவரக் காப்பகத்தின் அலமாரிக்குக் குறுக்கே நின்றார் அதன் காப்பாளர் டாக்டர் ரோஸ்வித்தா.

கற்பாசியின் மேல் வாழும் ஒரு புதுப் பூஞ்சையைக் கண்டுபிடித்தவர் என்று அவருடைய அப்பாவுக்கு கிராட்ஸ் நகரெங்கும் பெயர். அவர் சேகரித்த உலர்ந்த மாதிரி அந்த உறைக்குள் இருந்தது. அதிலுள்ள கரும்புள்ளிகள் தனிப் பூஞ்சையே அல்ல, கற்பாசியின் சொந்த உறுப்புகள் என்று நிரூபிக்க வியன்னாவிலிருந்து வந்திருந்தான் செவெரின்.

"டாக்டரம்மா, மாதிரியை யார் வேணும்னாலும் பார்க்கலாம். பார்த்ததைச் சீட்டுல எழுதி உறையில ஒட்டலாம். அதானே வழக்கம்?"

"வழக்கத்தை எனக்கே சொல்லித் தர்றீங்களா? போய் இன்னொரு காபி குடிச்சிட்டு வாங்க."

"ஏற்கெனவே மூணு ஆச்சும்மா! அப்பா பேரு கெட்டுடும்னு பயப்படுறீங்க."

"எங்க ஹிர்ட்செகர் குடும்பத்துக்கா பயம்?"

ரோஸ்வித்தா அலமாரியைத் திறந்தார். உறையை எடுத்து, விரல் நுனியால் தொட்டுப் பார்த்துவிட்டு நீட்டினார். அப்பாவின் சீட்டுக்குக் கீழே ஒரு புதுச் சீட்டு இருந்தது. 'இது தனிப் பூஞ்சை அல்ல. என் தந்தை தவறாகக் கணித்துவிட்டார். - ரோஸ்வித்தா ஹிர்ட்செகர்.'

செவெரின் அதை இரண்டு தடவை படித்துவிட்டு நிமிர்ந்தான்.

"நீங்க வர்றீங்கன்னதும் நானே நுண்ணோக்கியில பார்த்துட்டேன். எங்க வீட்டுத் தப்பை எங்க வீட்டு ஆள்தான் முதல்ல சொல்லணும். காலையிலதான் ஒட்டினேன், பசை காய வேண்டாமா? இப்ப உங்க சீட்டை என்னோடதுக்குக் கீழே ஒட்டிக்குங்க."