ரிம்மில் ஒரு பள்ளம்

ஜனவரி 6, காலை எட்டரை மணிக்கு, தபால்காரர் அருளப்பனின் சைக்கிளில் பன்னிரண்டாவது ஜோடி பிரேக் கட்டைகள் ஏறின.

"இரும்பு அண்ணே, இனி நான் பிடிச்சா நீங்க நிக்கணும்," என்று இடது கட்டை ரிம்மைச் சீண்டியது.

சரிவில் முதல் பிடி விழுந்தது. கட்டையின் முகம் ஒரு பள்ளத்தில் பதிந்தது.

"இது என்னண்ணே?"

"உனக்கு முன்னால வந்தவங்க தேய்ச்சது. ரப்பர்தானேன்னு நானும் சிரிச்சேன்."

இரும்பு அங்கே தகரம்போல் மெலிந்திருந்தது.

"மெல்லப் பிடிக்கட்டுமாண்ணே? இன்னும் தேஞ்சா உடைஞ்சிடுவீங்க."

"கீழே ரயில்வே கேட் மூடியிருக்கு. மேலே அருளப்பன் உட்கார்ந்திருக்கார். அழுத்திப் பிடிடா."

கட்டை பிடித்தது. கேட்டுக்கு ஒரு முழம் முன்னால் சைக்கிள் நின்றது.

மார்ச் 14 அன்று அருளப்பன் புது ரிம் போட்டார். கட்டைகளை மாற்றவில்லை.