ஐந்தரை மணி ஏற்றம்

போன் திரையில் கோட்டின் உச்சியில் விரலை வைத்தான்.

சிறிய பெட்டி திறந்தது. 212. மாலை 5.55.

விரலை நேற்றைக்கு நகர்த்தினான். 206. முந்தாநாள், 219. தினமும் ஐந்தரைக்கு ஏறத் தொடங்கி ஆறு மணிக்குள் உச்சம்.

மகளின் கையில் ஒட்டிய சென்சார், ரத்தச் சர்க்கரையின் அளவை அவளுடைய போனுக்கு அனுப்பும். அங்கிருந்து அவள் அம்மாவுக்கும் அவனுக்கும் வரும்.

விவாகரத்து வழக்கு தொடங்கியபின் அவளை அவனோடு பேச விடுவதில்லை. இந்தக் கோட்டை நிறுத்த மட்டும் அந்த வீட்டில் மறந்திருந்தார்கள்.

அவனோடு இன்னும் பேசுகிறவர் மனைவியின் அண்ணன் பூபதி ஒருவர்தான். இப்போதும் லைனில் அவர்தான்.

"எதையும் திங்கலைங்கறா மாப்ள. உங்க பொண்ணுல்ல, பொய் சொன்னா மூஞ்சியில தெரியவே மாட்டேங்குது."

சிரித்தார். பிறகு குரல் இறங்கியது.

"டாக்டரு சாயந்தர ஊசியக் கூட்டிறலாம்ங்கறாரு."

இன்சுலினைக் கூட்டியபின் ஒருநாள் சர்க்கரை ஏறாமல் இருந்தால் மயங்கி விழுந்துவிடுவாள்.

ஐந்தரை. சேர்ந்திருந்தபோது தினமும் வேலை முடிந்து அவன் வண்டி வாசலில் வந்து நின்ற நேரம். ஓடிவந்து கேட்டைத் திறப்பது அவள்தான்.

அம்மாவோடு கிளம்பிய அன்று, காரில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு கேட்டாள். மிட்டாய் தின்றால் உங்கள் போனில் தெரியுமா?

மலை மாதிரி தெரியும் என்றான். மிரட்டத்தான் சொன்னான்.

தினம் ஒரு மலை அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.

பூபதியிடம் சொன்னால் அவளுக்கு அடி விழும். இந்தக் கோடும் போய்விடும்.

அவன் பார்க்கிறவரை அவள் அனுப்புவாள். கோடு எப்படியும் போகத்தான் வேண்டும். அடி விழ வேண்டாம்.

"ஊசியக் கூட்ட வேண்டாங்க. ரெண்டு நாள் பாக்கச் சொல்லுங்க. இனிமே ஏறாது."

"எப்ப டாக்டருக்குப் படிச்சீங்க மாப்ள?"

பூபதி வைத்துவிட்டார்.

கோடு இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். 188. 160. தெருவிளக்கு எரியத் தொடங்கியது. 127.

இனிப் பயமில்லை.

கோட்டைப் பார்ப்பதிலிருந்து விலகுவதற்கான பொத்தான் ஆகக் கீழே இருந்தது. தொட்டதும், நிச்சயமாகவா என்று கேட்டது. 'அப்பா விலகிவிட்டார்' என்று அவளுடைய போனுக்குத் தகவல் போகுமாம்.

காரணம் எழுத அதில் இடம் இல்லை.

அழுத்தினான்.